தெருவிளக்கு இல்லாத ஊர்

எங்கள் ஊரில் தெருவிளக்குகள் கிடையாது. மின்சாரம் வந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. கம்பம் நட இடமும் உண்டு, பணமும் உண்டு. ஆனாலும் இங்குள்ளவர்கள் அவை வேண்டாமென்று முடிவுசெய்திருக்கிறார்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும் நாட்டில், அதற்குப் பிறகு வெளியே போகும் எவரும் கையில் டார்ச் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பது புதிதாக வருபவர்களுக்கு விந்தையாக இருக்கும். அந்த இருட்டை ஊர் தெரிந்தே வைத்திருக்கிறது என்பதும், யாராவது விளக்குக் கேட்கும்போதெல்லாம் கூடிப் பேசி அதே முடிவுக்கு வருகிறது என்பதும் எனக்குப் போகப்போகத்தான் புரிந்தது. இங்கிலாந்தின் கிராமப்புற அமைதியைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இந்த அமைதி தானாக அமைந்ததில்லை. பலர் பல காலமாக உழைத்து, வாதாடி, சில வசதிகளை விட்டுக்கொடுத்துக் காப்பாற்றிவருவது.

நாங்கள் குடியிருப்பது ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் தென்கோடியில், தேம்ஸ் ஆற்றுக்கு மேலே எழும் சில்டர்ன் குன்றுகளின் மேல். இதை முழுக் கிராமம் என்று சொல்வதற்கில்லை. ரெடிங் நகரம் காரில் அரை மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது, காலையில் ஊரில் பலர் அங்கே வேலைக்கோ லண்டன் ரயிலைப் பிடிக்கவோ கிளம்பிவிடுகிறார்கள். நகரத்தின் நீட்சி என்றும் சொல்ல முடியாது. எங்கள் வேலிக்கு அப்பால் செம்மறி ஆடுகள் மேய்கின்றன, அதற்கும் அப்பால் பீச் (beech) என்ற உயரமான காட்டுமரங்களின் காடு தொடங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலான நிலை இத்தனை காலம் நீடிப்பதற்குப் பெரும்பகுதி சட்டமே காரணம். 1965இல் சில்டர்ன் குன்றுகள் தனிச்சிறப்பான இயற்கை எழில் கொண்ட பகுதியாக அறிவிக்கப்பட்டன. 2023 நவம்பரிலிருந்து இத்தகைய பகுதிகளைத் தேசிய நிலக்காட்சி என்கிறார்கள். பெயர் எதுவானாலும், இங்கே புதிதாக ஒரு வீடு எழுவது எளிதல்ல. ஊரின் பழைய பகுதி தனிப் பாதுகாப்பு எல்லைக்குள் வருவதால், சொந்தத் தோட்டத்தில் நிற்கும் மரத்தின் பெரிய கிளையை வெட்டுவதானாலும் ஆறு வாரங்களுக்கு முன்பே மாவட்டக் கவுன்சிலுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். வீடு வாங்கியவருக்கு அவருடைய மரத்தின் மீதே முழு உரிமை இல்லையா என்று முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த மரத்தின் நிழலில் பக்கத்து வீட்டாரும், அதில் கூடு கட்டும் பறவைகளும் எத்தனை ஆண்டுகளாக இருந்துவருகிறார்கள் என்று யோசித்தபோது வருத்தம் போய்விட்டது.

குன்றுகளின் அடிப்பகுதி சுண்ணப்பாறை. மழைநீர் அதில் நிற்காமல் ஆழத்துக்கு இறங்கிவிடுவதால், மேட்டிலுள்ள ஊர்கள் முற்காலத்தில் குளங்களையும் மழைநீர்த் தொட்டிகளையுமே நம்பியிருந்தன. கோடை நீண்டால் தண்ணீருக்குக் கையேந்தும் நிலை. இதைப் பற்றிச் சொல்லும்போது எங்களிடமிருந்து சற்றுத் தொலைவிலுள்ள ஸ்டோக் ரோ என்ற ஊரின் கிணற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தப் பகுதியைச் சேர்ந்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட் என்பவர் வட இந்தியாவில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்தவர். தம் ஊர்ப்பக்கத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றியும், வீட்டிலிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காகத் தாயிடம் அடிவாங்கிய ஒரு சிறுவனைப் பற்றியும் காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் சொல்லியிருக்கிறார். அதை நினைவில் வைத்திருந்த மகாராஜா, தம் செலவில் அங்கே கிணறு வெட்டிக் கொடுத்தார். 1864இல் திறக்கப்பட்ட அந்தக் கிணற்றின் ஆழம் 368 அடி, அகலம் 4 அடி. முழுவதும் மனிதக் கையால் தோண்டியது. மேலே குவிமாடம், அதன் கீழே நீரிறைக்கும் சக்கரங்கள், அவற்றின் மீது பொன்னிற யானை ஒன்று நிற்கிறது. என்னை மிகவும் கவர்ந்தது அதன் பக்கத்திலிருந்த செர்ரித் தோப்பு: கிணற்றின் பராமரிப்புச் செலவுக்கு வருமானம் வேண்டும் என்பதற்காகவே அது நடப்பட்டது. தானம் செய்தவர்கள் கிணற்றோடு நிறுத்திக்கொள்ளாமல், அதைக் காப்பாற்றும் வழியையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். விருந்தினர் வந்தால் நாங்கள் முதலில் கூட்டிப்போகும் இடம் அதுதான்.

இங்கே வாழ்வின் மையம் கடைத்தெரு அல்ல, நடைபாதைகள். வயல்களின் குறுக்கேயும், காட்டுக்குள்ளும், சில இடங்களில் ஒருவருடைய வீட்டு முற்றத்தை ஒட்டியும் செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. 1949இல் வந்த சட்டம் அந்தப் பாதைகளை எல்லாம் வரைபடத்தில் பதிவுசெய்யும்படி கட்டளையிட்டது. ஒருமுறை வரைபடத்தில் ஏறிய பாதையை நிலத்தின் உரிமையாளர் தம் விருப்பத்துக்கு மூடிவிட முடியாது. வயலின் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழலாம், ஆனால் 14 நாட்களுக்குள் பாதையை மறுபடி தெரியும்படி செய்து நடக்க ஏற்றதாக்கித் தர வேண்டும். இலையுதிர்காலத்தில் புதிதாக உழுத மண்ணின் நடுவில் டிராக்டர் சக்கரம் அழுத்திவிட்டுப் போன ஒரே ஒரு கோடு மட்டும் எதிர்வேலி வரை நேராக ஓடுவதைப் பார்க்கும்போது, சட்டத்தின் ஒரு வரி தரையில் எழுதப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரியும். காட்டுக்குள் மரங்களின் மீது வெள்ளை வண்ணத்தில் அம்புக்குறிகள் இருக்கின்றன. அவற்றைத் தீட்டுவதும், முட்புதரை வெட்டுவதும், முதியவர்களால் ஏறிக் கடக்க முடியாத மரப்படிகளை எடுத்துவிட்டுக் கதவு பொருத்துவதும் பெரும்பாலும் சில்டர்ன் சொசைட்டியின் தொண்டர்கள்; அந்தச் சங்கமும் 1965இல் தொடங்கியதுதான். அவர்களில் பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். மழையில் நனைந்த உடையோடு, கையில் கத்தரியும் ரம்பமும் வைத்துக்கொண்டு வேலை செய்கிற எழுபது வயதுக்காரர்களைக் கடந்து போகும்போது நன்றி சொல்லாமல் யாரும் போவதில்லை.

பாதைகளின் இருபுறமும் உயிர்வேலிகள். ஹாதோர்ன், பிளாக்தோர்ன் முட்செடிகளும் ஹேசல் மரமும் காட்டு ரோஜாவும் பின்னிக் கிடக்கும் அவை பல இடங்களில் வீடுகளைவிடப் பழமையானவை. மார்ச் முதல் ஆகஸ்ட் முடிய விவசாயிகள் அவற்றை வெட்டுவதில்லை; பறவைகள் கூடு கட்டும் காலம். ஏப்ரல் கடைசியில் பீச் மரங்கள் துளிர்ப்பதற்கும் அவற்றின் இலைகள் வெளிச்சத்தை மறைப்பதற்கும் இடையில் கிடைக்கும் சில வாரங்களில் காட்டின் தரை முழுவதும் புளூபெல் என்ற நீலப்பூ பூத்துவிடும். மிதித்தால் செடி மறுபடி தேறப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், குழந்தைகள்கூடப் பாதையை விட்டு இறங்காமல் நடக்கிறார்கள்.

அமைதி என்றால் சத்தமே இல்லாத நிலை என்று எண்ணிக்கொண்டு இங்கே வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். விடிவதற்கு முன் காட்டுப்புறாக்கள் தொடங்கிவிடும். அறுவடைக் காலத்தில், மழை வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று இரவு பதினொரு மணிக்கும் இயந்திரம் ஓடும். அக்டோபரிலிருந்து பிப்ரவரி முதல் தேதி வரை ஃபெசண்ட் என்ற காட்டுக்கோழி போன்ற பறவையைச் சுடும் வேட்டைக்காரர்களின் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். நாய் குரைப்பது போல இரவில் திரும்பத் திரும்பக் கத்துவது மண்ட்ஜாக் என்ற குட்டை மான். இவற்றுக்கெல்லாம் மேலே, பகல் முழுவதும், நீண்ட விசில் போல ஒரு குரல்: ரெட் கைட் பருந்து. இங்கிலாந்தில் இந்தப் பருந்தினம் 19ஆம் நூற்றாண்டிலேயே முற்றிலும் அழிக்கப்பட்டுவிட்டது. 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து ஏறத்தாழ 90 பறவைகளைக் கொண்டுவந்து இதே சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள். இன்று தோட்டத்தில் துணி உலர்த்திக்கொண்டு நிற்கும்போது, பிளவுபட்ட வாலைத் திருப்பித் திருப்பித் திசைமாற்றிக்கொண்டு அவை தலைக்கு மேல் வட்டமிடுகின்றன. செம்பழுப்பு இறகின் அடியிலுள்ள வெள்ளைத் திட்டு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்குத் தாழ்ந்து வருகின்றன. இங்கே பிறந்து வளர்ந்த பெரியவர்கள் தங்கள் சிறுவயதில் இந்தக் குரலைக் கேட்டதே இல்லை. நான் வந்த நாளிலிருந்து கேட்கிறேன். அவர்களைவிட இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொடுப்பினை அதிகம்.

வீட்டுக்குள் வாழ்க்கை நகரத்தைப் போல இராது. எங்கள் பக்கத்தில் எரிவாயுக் குழாய் இல்லை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது மண்ணெண்ணெய். ஆம், ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கினோமே, அதே மண்ணெண்ணெய்தான். தோட்டத்து மூலையிலுள்ள பெரிய தொட்டியில் லாரியிலிருந்து குழாய் வைத்து நிரப்புவார்கள். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் விலை கூடும் என்பதால் ஊரே சேர்ந்து ஒரே நாளில் வாங்குகிறது. ஒரு பெண்மணி எல்லோரிடமும் கேட்டுக் கணக்கெடுத்து விலை பேசிவிடுவார், அதற்காக ஒரு பென்னி வாங்கிக்கொள்வதில்லை. பாதாளச் சாக்கடையும் இல்லை, செப்டிக் டேங்க்தான். வீட்டில் விருந்து நடந்தால் சமையல் எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள் என்று விருந்தினரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022 பிப்ரவரி 18 அன்று யூனிஸ் புயல் வந்தது. ஐல் ஆஃப் வைட் தீவின் முனையில் காற்று மணிக்கு 122 மைல் வேகத்தைத் தொட்ட நாள் அது. நாடு முழுவதும் 14 லட்சம் வீடுகள் மின்சாரத்தை இழந்தன. பீச் மரம் ஆழமாக வேர்விடாதது. மேல்மண் மெல்லியதாக இருக்கும் இந்தக் குன்றுகளில் பெருங்காற்று அடித்தால் வேரோடு சாய்ந்துவிடும். அன்று எங்கள் சந்தின் வாயிலில் ஒன்று மின்கம்பிகளை இழுத்துக்கொண்டு விழுந்தது. தொட்டி நிறைய மண்ணெண்ணெய் இருந்தும் வீடு சூடாகவில்லை, ஏனென்றால் கொதிகலன் எரியத் தொடங்கவும் தண்ணீரைச் சுற்றவும் மின்சாரம் வேண்டும். கைப்பேசிக்கு எங்கள் வீட்டில் சாதாரண நாளிலேயே சிக்னல் ஓர் அறையில்தான் வரும்; அன்று அதுவும் இல்லை. இருட்டத் தொடங்கியபோது கதவு தட்டப்பட்டது. விறகடுப்பு வைத்திருக்கும் எதிர்வீட்டுப் பெரியவர் இரண்டு ஃபிளாஸ்க் வெந்நீரோடு நின்றார். குழந்தைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார். நான் அடுப்பு இல்லாமல் செய்யக்கூடியதாக அவலை நனைத்து, வெல்லமும் தேங்காய்த் துருவலும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே ஏற்கெனவே நான்கு வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். தனியாக வசிக்கும் முதியவர்களின் வீடுகளுக்கு யார் யார் போய்ப் பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பழைய செம்புக்கம்பித் தொலைபேசி மட்டும் மின்சாரமில்லாமலும் வேலை செய்ததால், அது இருந்த வீடே அன்று ஊரின் செய்தி நிலையமாயிற்று. அந்தத் தொலைபேசி அமைப்பை 2027 ஜனவரிக்குள் நாடு முழுவதும் நிறுத்திவிடப்போகிறார்கள். மின்தடை என்றால் இணையப்பெட்டியும் அணைந்துவிடும் இடங்களில் முதியவர்கள் அவசரத்துக்கு யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்ற கேள்விக்கு மின்கலம் தருகிறோம் என்று தொலைபேசி நிறுவனங்கள் சொல்வது போதிய பதில் அல்ல என்றே நான் நினைக்கிறேன்.

மற்ற நாட்களில் இதே மனிதர்கள் அளவோடுதான் பழகுவார்கள். அழைக்காமல் யாரும் வீட்டுக்குள் வருவதில்லை; சம்பளத்தைப் பற்றியோ பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பற்றியோ கேட்பதில்லை. இதை ஒட்டாமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கார் மட்டுமே போகக்கூடிய சந்துகளில் எதிரில் வண்டி வந்தால், ஒதுங்க இடம் யாருக்குப் பக்கத்திலோ அவர் பின்னால் நகர்ந்து வழிவிடுவார். கடந்து போகிறவர் கையை உயர்த்தி நன்றி சொல்லுவார். முகம் தெரிகிறதோ இல்லையோ, கை உயரும். பண்ணை வாசல்களில் முட்டைப் பெட்டிகளை அடுக்கி, பக்கத்தில் காசு போட ஒரு தகரடப்பாவும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அம்மா வந்திருந்தபோது அந்த டப்பாவில் போடுவதற்கு முன் சில்லறையை ஒவ்வொன்றாக உரக்க எண்ணினார். யாரும் இல்லையே அம்மா என்றேன். யாரும் இல்லாததால்தான் சரியாக எண்ண வேண்டும் என்றார்.

ஊரின் பொறுப்பு பாரிஷ் கவுன்சிலிடம் இருக்கிறது. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்தச் சிறு மன்றங்கள் இங்கிலாந்தில் ஏறக்குறைய 10,000 உண்டு; நம் ஊராட்சியைவிட அதிகாரம் குறைவு, உறுப்பினர்களுக்குப் பொதுவாகச் சம்பளமும் கிடையாது. விளையாட்டுத் திடல், பெஞ்சுகள், இடுகாடு, ஊரார் காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் குறுநிலத் தோட்டங்கள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வதும், கட்டட விண்ணப்பங்களுக்குக் கருத்துச் சொல்வதும் அதன் வேலை. தெருவிளக்கு வேண்டாம் என்ற தீர்மானம் திரும்பத் திரும்ப உறுதிப்படுவதும் அங்கேதான். குறுநிலத் தோட்டத்தில் எங்களுக்கும் ஒரு துண்டு இருக்கிறது. முழுத் துண்டு என்றால் சுமார் 250 சதுர மீட்டர். இப்படித் தோட்டம் வேண்டுமென்று ஆறு வாக்காளர்கள் சேர்ந்து கேட்டால் மன்றம் அந்தக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மண் களிமண், அதில் முழுக்கச் சக்கிமுக்கிக் கற்கள். மண்வெட்டி ஒவ்வொரு வெட்டுக்கும் கல்லில் பட்டு அதிரும். ஜூனில் பகல் வெளிச்சம் இரவு ஒன்பதரை மணி வரை நீள்வதால் கொத்தமல்லி இலை விடாமல் பூத்துவிடுகிறது. ஆகஸ்டில் விதைத்தால் நன்றாக வரும். வெந்தயக்கீரை எப்போது போட்டாலும் வருகிறது, பக்கத்துத் துண்டுக்காரர் இப்போது அதை உருளைக்கிழங்கோடு சேர்த்துச் சமைக்கிறார்.

வாரத்தில் ஒரு மாலை தேவாலய மணி பயிற்சி. ஆறு மணிகள், ஆறு கயிறுகள், கயிற்றுக்கு ஒருவர். அவர்கள் பாட்டு எதையும் வாசிப்பதில்லை. ஆறு மணிகளும் அடிக்கும் வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிக்கொண்டே போவார்கள். ஒரு முறை வந்த வரிசை மறுபடி வராமல் அடித்தால் 720 வரிசைகள் கிடைக்கும், முழுவதையும் அடிக்க அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். எழுதிவைத்துப் பார்ப்பதில்லை, எல்லாம் மனப்பாடம். எங்கள் மூத்த மகள் இப்போது கற்றுக்கொள்கிறாள். சமயம் எதுவென்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. எண்ணத் தெரியுமா, வாராவாரம் தவறாமல் வருவாயா என்று மட்டுமே கேட்டார்கள்.

இத்தனையும் உண்மை. இவற்றுக்குக் கொடுக்கும் விலையும் உண்மை. பேருந்து நாளுக்குச் சில முறைதான். ஞாயிற்றுக்கிழமை அறவே இல்லை. கார் ஓட்டத் தெரியாதவர்கள், ஓட்ட முடியாத வயதை எட்டியவர்கள், பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஆகிய மூவருக்கும் இந்த ஊர் சிறைதான். அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியே 3 மைலுக்கு மேல் இருந்தால் ஆக்ஸ்ஃபர்ட்ஷயர் கவுண்டி கவுன்சில் இலவசமாக அழைத்துப்போகிறது, ஆனால் மாலை நாடகப் பயிற்சி முடிந்து திரும்ப அந்த வண்டி இராது. நம் உறவினர்கள் இங்கே வீடு வாங்கலாமா என்று கேட்கும்போது, ஜூன் மாதத்தில் வந்து பார்க்காதீர்கள், ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வந்து பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதைவிடக் கனமான விஷயம், யாருக்கு இங்கே இடமிருக்கிறது என்பது. கட்டுவது கடினம் என்பதால் வீடுகள் குறைவு, குறைவு என்பதால் விலை ஏறிக்கொண்டே போகிறது. தொடக்கப்பள்ளியில் உதவியாளராக இருக்கும் பெண், முதியவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டும் பராமரிப்பாளர், பண்ணையில் வேலை செய்யும் இளைஞர் எல்லோரும் வெளியிலிருந்துதான் வந்து போகிறார்கள். இங்கேயே பிறந்தவர்களின் பிள்ளைகளாலும் இங்கே வாடகைக்கு இருக்க முடியவில்லை. வழக்கமாக வீடு கட்ட அனுமதிக்காத நிலத்திலும், உள்ளூர்த் தொடர்புள்ளவர்களுக்கு என்றென்றும் குறைந்த செலவில் கிடைக்கும்படியான சில வீடுகளைக் கட்ட விதிகளில் இடமிருக்கிறது. அப்படி ஒரு யோசனை இப்போது எங்கள் ஊர் முன் வந்திருக்கிறது. ஆடுகள் மேயும் நிலத்தின் ஓரத்தில், எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும் இடத்தில்.

நான் ஆதரித்து எழுதியிருக்கிறேன். புயல் வந்த இரவில் தாளில் பெயர் எழுதிப் பிரித்துக்கொண்டவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. பாதையில் முட்புதர் வெட்டவும், மணிக்கயிறு இழுக்கவும், எண்ணெய்க் கணக்கு எடுக்கவும் இளையவர்கள் இங்கேயே குடியிருந்தாக வேண்டும். வீடுகள் வரட்டும், பாதையை ஒட்டிய பழைய உயிர்வேலியை மட்டும் தொடாமல் கட்டுங்கள், வெளிச்சம் மேல்நோக்கிப் போகாத விளக்குகளை வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன். வெந்நீர் கொண்டுவந்த எதிர்வீட்டுப் பெரியவர் எதிர்த்து எழுதியிருக்கிறார். குறுகிய சந்தில் போக்குவரத்து கூடும், ஒரு மூலையைத் திறந்தால் அடுத்த மூலையும் போகும் என்பது அவர் கருத்து. அந்த அச்சம் பொய்யல்ல. தம் கடிதத்தை அனுப்புவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறை ஜன்னலருகே நின்று, அதை என்னிடம் முழுவதும் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்த்தார். அடுத்த கூட்டத்தில் இருவரும் பேசப்போகிறோம்.